வேர் பெரிசு, இலை கொஞ்சம்: மானாவாரி நிலத்தில் மறுதாம்பு மரம் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

2016 ஆவணியில் எங்கள் புஞ்சை வரப்பில் நின்ற வேம்பும் புங்குமாக 11 மரங்களை முழங்காலுக்குக் கீழே வெட்டினோம். பேரையூருக்கும் டி. கல்லுப்பட்டிக்கும் நடுவில் இருக்கும் மானாவாரி நிலம். பாதி செவல், பாதி கரிசல். கிணறு உண்டு, அதில் தண்ணீர் இருப்பது வருடத்தில் மூன்று மாதம். ஐப்பசி மழைக்கு முன் வெட்டிவிட்டால் மழையோடு மழையாகத் துளிர்த்துவிடும் என்பது எங்கள் கணக்கு. அந்த வருடம்தான் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்தது. வழக்கமாகப் பெய்வதில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது.

அப்பத்தா வரப்பில் வந்து நிற்கும்போதெல்லாம், "மழை இல்லாத வருசத்துல பச்ச மரத்த வெட்டிப்புட்டியேப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கும் பயம்தான். ஆனால் பங்குனியில் பார்த்தபோது, வெட்டாமல் விட்ட பெரிய மரங்களில் கொழுந்து அரைகுறையாக வந்து நுனி காய்ந்துகொண்டிருந்தது. வெட்டிய கட்டைகளில் இடுப்பளவு உயரத்துக்குத் தளிர்கள், கரும்பச்சை இலையோடு, நடு மதியத்திலும் துவளாமல் நின்றன. ஒரே வரப்பு, ஒரே மண், ஒரே மழை. அன்றிலிருந்துதான் ஏன் இப்படி என்று தேடிப் படிக்கவும், மரத்தைக் கூர்ந்து பார்க்கவும் தொடங்கினேன். சொந்த நிலத்தில் விறகுக்கோ தழைக்கோ மரம் வளர்க்க நினைக்கும், இந்த வேலைக்குப் புதிய ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

கரும்பு வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து வரும் அடுத்த பயிரை அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம் மறுதாம்பு என்பார்கள். மரத்திலும் செய்வது அதே வேலைதான். மரத்தை அடியோடு சாய்த்து, வேரை உயிரோடு விட்டு, கட்டையிலிருந்து வரும் தளிர்களைப் புது மரமாக வளர்க்கிறோம். சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எத்தனை முறை வெட்டினாலும் அது திரும்பி வருவது இந்த வழியில்தான்.

இலையின் வரவும் செலவும்

வேலைக்குப் போகும் முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். இது புரிந்தால் கீழே சொல்லும் எல்லாமே தானாக விளங்கும்.

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வெயில் பட்டதும் அவை திறக்கும். அவற்றின் வழியாகக் காற்றில் உள்ள கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) உள்ளே போகும். பச்சையம் வெயிலைப் பிடித்து, வேர் அனுப்பிய தண்ணீரோடு அந்தக் கரிவளியைச் சேர்த்துச் சர்க்கரை செய்யும். பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கை என்று படித்தது இதுதான். பாடத்தில் அழுத்திச் சொல்லாமல் விடுவது இதன் விலை. கரிவளி உள்ளே வரத் திறந்த அதே துளை வழியாகத் தண்ணீர் ஆவியாகி வெளியே போகிறது. ஒரு மூலக்கூறு கரிவளியைப் பிடிக்க மரம் சில நூறு மூலக்கூறு தண்ணீரை இழக்கிறது. சித்திரை வெயிலில் இந்தச் செலவு இன்னும் கூடும்.

மண்ணில் ஈரம் குறைந்தால் மரம் என்ன செய்யும்? துளையைச் சாத்திக்கொள்ளும். தண்ணீர் மிச்சமாகும், ஆனால் உலையும் அணைந்துவிடும். முதலில் நடுப்பகலில் மட்டும் சாத்தும், அப்புறம் காலை 10 மணிக்கே சாத்தும். காய்ச்சல் முற்றினால் நாள் முழுக்கப் பட்டினி. அப்படியும் சாத்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், தண்டுக்குள் வேரிலிருந்து இலை வரை கயிறு மாதிரி இழுபடும் நீர்த்தொடர் அறுந்து, அந்தக் குழாயில் காற்று புகுந்துவிடும். காற்று அடைத்த குழாய் அநேகமாக அதோடு போச்சு. கிளை நுனியிலிருந்து காய்ந்து வருவதற்கு இது முக்கியமான காரணம்.

இப்போது வெட்டிய மரத்தை நினைத்துப் பாருங்கள். ஊருக்கே இறைத்த கிணறு ஒரே வீட்டுக்குக் கிடைத்த மாதிரி. ஆயிரக்கணக்கான இலைக்குத் தண்ணீர் தேடிப் பல அடி ஆழம் போன வேர் அப்படியே இருக்கிறது. மேலே இருப்பதோ நூறு, இருநூறு இலை. ஒவ்வொரு இலைக்கும் போய்ச் சேரும் தண்ணீர் பல மடங்கு கூடுகிறது. அதனால் வறட்சியிலும் துளை அதிக நேரம் திறந்திருக்கிறது, ஒரு இலை செய்யும் சமையலும் வெட்டாத மரத்தின் இலையைவிட அதிகம். வேரில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து வேறு கைமுதலாக இருக்கிறது. விதை போட்டு வந்த கன்றுக்கு இந்த இரண்டும் கிடையாது. அதனால்தான் முதல் கோடையில் கன்று கருகுகிறது, மறுதாம்பு நிற்கிறது.

இந்தச் சௌகரியம் எப்போதும் இருக்காது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். தளிர் வளர்ந்து இலை பெருகப் பெருக, இலைக்கும் வேருக்கும் உள்ள அளவு பழையபடி ஆகிவிடும். அப்புறம் அதுவும் மற்ற மரங்களைப் போல வறட்சிக்கு வாடத்தான் செய்யும். கட்டையிலிருந்து அவசரமாக வளர்ந்த தண்டு மென்மையானது, குழாய்கள் அகலமானவை. நிறையக் கொடுத்தால் நிறையக் குடிக்கும்.

இந்தக் கணக்கை நீண்ட காலமாக அளந்து பார்த்தவர்கள் ஐரோப்பாவில் ஓக் மரக் காடுகளில் வேலை செய்தவர்கள். தமிழில் கருவாலி என்று அகராதி சொல்லும் மரம். தென்னிந்தியக் காடுகளில் அது தானாக வளர்வதில்லை, உத்தராகண்ட் மலைகளில் பாஞ்ச் என்ற பெயரில் இருக்கிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் விறகுக்கும் கரிக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஓக்கைச் சுழற்சி முறையில் வெட்டி வெட்டித் துளிர்க்க விட்டார்கள். பிரான்சின் தெற்கே மோன்பெலியே நகருக்குப் பக்கத்தில் புயேஷபோன் என்ற ஊர்க் காட்டில் கடைசியாக 1942-இல் வெட்டிய ஓக் கட்டைகளின் தளிர்கள்தான் இன்று காடாக நிற்கின்றன. அங்கே 2003 முதல் மரங்களின் இலைக்கூரைக்கு அடியில் பி.வி.சி. பிளாஸ்டிக் வாய்க்கால்களைக் கட்டி, விழும் மழையில் கால்வாசிக்கு மேல் வெளியே திருப்பிவிட்டு, மரம் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரே கட்டையில் நெருக்கியடித்து நிற்கும் தண்டுகளைக் கலைத்துவிட்ட, அதாவது சிலவற்றை மட்டும் விட்டு மற்றதை வெட்டிய, இடத்தில் மிச்சத் தண்டுகள் வறட்சியிலும் நன்றாகப் பெருத்தன. எங்கள் வரப்புக்கு அங்கிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இந்தக் கலைப்புதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த மரத்தை வெட்டலாம்

வேம்பு, புங்கு, வாகை, பூவரசு, புளி, தேக்கு, சவுண்டல், கிளரிசிடியா எல்லாம் நம் பக்கம் நன்றாகத் துளிர்ப்பவை. தைலமரமும் துளிர்க்கும், ஆனால் எங்கள் ஊர் மாதிரி நிலத்தடி நீர் கீழே போன இடத்தில் அதை நான் வைக்கமாட்டேன். பனையையும் தென்னையையும் வெட்டவே கூடாது. அவற்றுக்கு வளரும் குருத்து உச்சியில் ஒன்றே ஒன்று. தலை போனால் மரம் போயிற்று. நாட்டுச் சவுக்கும் கட்டையிலிருந்து ஒழுங்காக வராது.

தொடை அளவு பருமன் வரை உள்ள மரம் நல்லது. பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. உச்சிக் கொழுந்து இருக்கும்வரை அது அவற்றை அடக்கி வைத்திருக்கும். வெட்டியதும் அடக்க ஆள் இல்லை, மொட்டு விழிக்கும். ரொம்ப வயதான மரத்தில் பட்டை தடித்து மொட்டு உள்ளேயே புதைந்து போயிருக்கும். தாத்தா காலத்து வேம்பை விட்டுவிடுங்கள். அதன் நிழலுக்கு ஈடாக எந்த விறகும் வராது. தூரில் கரையான் குடைந்து பொந்து விழுந்த மரத்தையும் தவிருங்கள்.

இன்னொன்று. உங்கள் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். கம்மாய்க்கரை, புறம்போக்கு, ரோட்டோர மரங்கள் நம்முடையவை அல்ல. பட்டாவில் நின்றாலும் சந்தனத்துக்கு அனுமதி வேண்டும். சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். வெட்டும் முன் மரத்தில் கூடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்த மரத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள்.

எல்லா மரத்தையும் ஒரே வருடம் வெட்ட வேண்டாம். ஒன்று விட்டு ஒன்று வெட்டுங்கள். நிழலும் இருக்கும். வெட்டியதையும் வெட்டாததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடியும். அந்த ஒப்பீடுதான் உங்களுக்கு வாத்தியார்.

எப்போது வெட்டுவது

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஐரோப்பியக் கணக்கு எளிது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து மரம் தூங்கும்போது வெட்டு, வசந்தத்தில் துளிர்க்கும். அதை அப்படியே படித்துவிட்டு மார்கழியில் வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் மார்கழி, தைக்குப் பிறகு வருவது வசந்தம் இல்லை, கோடை. துளிர் வந்த கையோடு நான்கு மாதம் வெயிலில் நிற்க வேண்டும். வேர் பெரிசாக இருப்பதால் பிழைத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் வேறு தீனி இல்லாத அந்தக் காலத்தில் ஊர் ஆடுகள் எல்லாம் அந்தப் பச்சையைத் தேடி வரும்.

எடுத்துக்கொள்ள வேண்டியது மாதத்தை அல்ல, அதன் பின்னால் இருக்கும் காரணத்தை. காரணங்கள் இரண்டு. வேரில் மாவுச்சத்து நிறைந்திருக்க வேண்டும். வெட்டிய பிறகு துளிர்க்கு ஏற்ற பருவம் வர வேண்டும்.

வேம்பும் புங்கும் மாசியில் இலை உதிர்த்து, பங்குனி, சித்திரையில் கொழுந்து விட்டுப் பூக்கும். மழையே இல்லாத நேரத்தில் அந்தக் கொழுந்து எங்கிருந்து வருகிறது? வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்ததை எடுத்துத்தான். அதனால் கொழுந்து விட்டு முடித்த வைகாசியில் மரத்தின் கஜானா கிட்டத்தட்டக் காலி. அப்போது வெட்டினால் இருக்கும் கொஞ்சமும் துளிர்க்கே போய்விடும், கட்டை செத்தும் போகலாம். புது இலை முற்றி வேலை செய்யத் தொடங்கி, ஆனி, ஆடி, ஆவணி என்று மூன்று மாதம் சம்பாதித்து வேருக்கு அனுப்பிய பிறகு கஜானா மறுபடி நிரம்பும். எங்கள் பக்கம் வருடத்துக்குச் சுமார் 85 செ.மீ. மழை. அதில் பாதிக்கு நெருக்கமாக ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் கொட்டுகிறது. ஆவணி கடைசியில் அல்லது புரட்டாசி தொடக்கத்தில் வெட்டினால் இரண்டு காரணமும் ஒன்றாகப் பொருந்துகிறது. என் முடிவு இதுதான்.

சொல்லை மட்டும் நம்ப வேண்டாம், வேரிடமே கேட்கலாம். காயத்துக்குப் போடும் பீட்டாடின் மருந்து ஒரு சின்ன பாட்டில் வாங்குங்கள். முதலில் ஒரு சொட்டைச் சோற்றுக் கஞ்சியில் விட்டுப் பாருங்கள். பழுப்பு மருந்து கருநீலமாக மாறும். மாவுச்சத்து இருக்கும் இடத்தில் அயோடின் அப்படித்தான் மாறும். இப்போது மரத்தூரிலிருந்து மூன்று அடி தள்ளி மண்ணைத் தோண்டி, பென்சில் பருமன் உள்ள பக்க வேர் ஒன்றில் விரல் நீளத் துண்டு எடுங்கள். கழுவி, பிளேடால் குறுக்கே மெல்லிசாகச் சீவி, வெட்டுமுகத்தில் ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு நிமிடத்தில் முகம் முழுக்கக் கருநீலம் பரவினால் கைமுதல் இருக்கிறது. பழுப்பாகவே நின்றால், அல்லது அங்கங்கே புள்ளியாக மட்டும் மாறினால், காத்திருங்கள். இதே மரத்தில் வைகாசியில் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை செய்து பாருங்கள். நான் முதல் முறை அந்த நிற வித்தியாசத்தைப் பார்த்தபோது, மரத்தின் பாஸ்புக்கைப் பிரித்துப் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு மரத்துக்கு ஒரு வேர்த்துண்டு போதும். தோண்டிய குழியை மூடிவிடுங்கள்.

வெட்டும் விதம்

நல்ல கூரான கோடாரி அல்லது ரம்பம். செயின்சா ஆள் கிடைத்தால் வேலை சுத்தமாக முடியும், ஆனால் பழக்கம் இல்லாமல் நீங்களே கையில் எடுக்காதீர்கள். மரம் சாயும் பக்கத்தில் முதலில் கால்வாசி ஆழத்துக்கு ஒரு வெட்டு போட்டுவிட்டு, பிறகு எதிர்ப்பக்கம் கொஞ்சம் மேலே வெட்டுங்கள். இப்படிச் செய்யாவிட்டால் மரம் சாயும்போது பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். உறங்கும் மொட்டு பட்டைக்கு அடியில்தான் இருக்கிறது. பட்டை உரிந்த பக்கம் துளிர் வராது.

கட்டை தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருந்தால் போதும். உயரமாக விட்டால் துளிர் விளிம்பில் வந்து, ஆடிக் காற்றில் பட்டையோடு பிய்ந்துகொண்டு போகும். நாங்கள் முதல் முறை முழங்கால் கிட்டே விட்டோம், அப்படி நான்கு தண்டு போயிற்று. வெட்டுமுகம் ஒரு பக்கமாகச் சரிந்து வழவழப்பாக இருக்கட்டும், மழைநீர் தேங்காமல் ஓடிவிடும். சாணி, சுண்ணாம்பு, பெயிண்ட் எதுவும் பூச வேண்டியதில்லை என்பது என் அனுபவம்.

ஆட்டை எந்த வழியிலும் தடுக்க முடியாத இடம் என்றால் அடியில் வெட்டாதீர்கள். ஆள் உயரத்துக்கு மேல், ஆறு, ஏழு அடியில் தலையை மட்டும் வெட்டுங்கள். துளிர் ஆட்டுக்கு எட்டாது. வேர், இலைக் கணக்கு அதிலும் இதேதான்.

முதல் ஆறு மாதம்

இரண்டு, மூன்று வாரத்தில் தூரைச் சுற்றி இருபது, முப்பது துளிர் வெடிக்கும். கட்டையைச் சுற்றி முள் கொத்துகளை வட்டமாகச் செருகி வேலி போடுங்கள், அதுதான் இந்தக் காலத்தின் முதல் வேலை. ஒரு வெள்ளாடு ஒரு காலையில் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிடும். வேர் மறுபடி கைமுதலை எடுத்துத் துளிர்க்க வேண்டியிருக்கும். இரண்டு தடவை அப்படி ஆனால் மூன்றாம் தடவைக்குச் சத்து இருக்காது.

துளிர் எதையும் இப்போது கிள்ள வேண்டாம். மேலே மரம் இருந்தபோது பழகிய பசி வேருக்கு அப்படியே இருக்கிறது. வேரும் மூச்சு விடுகிறது, அதற்கும் சாப்பாடு வேண்டும். அந்தப் பசிக்கு இந்த மழைக்காலத்தில் எவ்வளவு இலை இருக்கிறதோ அவ்வளவு நல்லது. யூரியா போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் இலை அகலமாகவும் மென்மையாகவும் வந்து, தை பிறந்ததும் தண்ணீருக்குத் தவிக்கும். வெட்டிய மரத்தின் சிறு கிளைகளையும் காய்ந்த தழையையும் கட்டையைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் போதும். கட்டையில் ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் கரையான் ஏறும்.

கலைத்துவிடுதல்

தை கடைசியில், மழை ஈரம் தீரும் முன், தண்டுகளைக் கலைக்க வேண்டும். பிரான்சுக் காட்டுப் பாடம் இங்கேதான் கை கொடுக்கிறது. முப்பது தண்டும் நின்றால் ஒரே வேரின் தண்ணீரை முப்பதாகப் பங்கு போடும், ஒன்றும் உருப்படாது.

விறகுக்கு என்றால் ஒரு கட்டைக்கு மூன்று அல்லது நான்கு தண்டு விடுங்கள். கம்பு, கழி வேண்டும் என்றால் ஐந்து, ஆறு. எதை விடுவது? தரையை ஒட்டி, தூரின் அடியிலிருந்து வந்ததை. அது சொந்தமாக வேரும் விடும், காற்றுக்கும் பிடித்து நிற்கும். கட்டையின் ஒரே பக்கம் நெருக்கமாக இருக்கும் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். நான்கு திசைக்கும் ஒன்றாக நின்றால் கட்டை சுற்றிலும் உயிரோடு இருக்கும். எடுக்கும் தண்டை அடியோடு ஒட்ட வெட்டுங்கள், பிய்க்காதீர்கள்.

ஒரே நாளில் முப்பதை மூன்றாக்குவதும் சரியில்லை. அப்படிச் செய்தால் கட்டை பதறி மறுபடி இருபது துளிர் விடும். தையில் பத்தாகக் குறையுங்கள், அடுத்த ஆவணியில் நான்காக்குங்கள். வெட்டிய தழை வீணாகாது. புங்கந்தழையும் வேப்பந்தழையும் வயலுக்கு நல்ல உரம்.

கோடையில் இலையைப் படிப்பது

மதியம் இரண்டு மணிக்கு மரத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் நல்ல ஈரத்தில் நிற்கும் மரம்கூடத் துளையைச் சாத்தி இலையைத் தொங்கப் போடும். சவுண்டல் சிற்றிலைகளை மடித்தே வைத்துக்கொள்ளும். அது மரத்தின் தற்காப்பு.

போக வேண்டிய நேரம் விடியற்காலை, சூரியன் எழும் முன். இரவு முழுக்கத் துளை மூடியிருப்பதால் வேர் மெதுவாக இழுத்து இலையை நிரப்பிவிடும். விடியும்போது மண்ணின் ஈரம் எந்த நிலையோ அந்த நிலைக்கு இலையும் வந்து நிற்கும். ஆராய்ச்சிக்காரர்களும் இருட்டோடு போய் இலையைப் பறித்து, அழுத்தக் கலனில் வைத்து அளப்பது இதனால்தான். நமக்குக் கலன் இல்லை, கண்ணும் விரலும் இருக்கின்றன. விடியற்காலையில் இலை விறைப்பாக, தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் மதிய வாட்டத்துக்குக் கவலை இல்லை. விடியற்காலையிலும் துவண்டிருந்தால், வேருக்கு எட்டும் ஈரம் தீர்ந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் கவர், கண்ணாடி போல உள்ளே தெரிவதாக எடுங்கள். காலை 7 மணிக்கு மறுதாம்புத் தண்டில் பத்து இலைக் காம்புகளை ஒரு கவருக்குள் விட்டு வாயைக் கட்டுங்கள். பக்கத்தில் வெட்டாத அதே வகை மரத்திலும் அதே பத்து, அதே வெயில் படும் பக்கத்தில். 9 மணிக்கு அவிழ்த்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகும் விட்டால் உள்ளே இலை வெந்துபோகும். கவரில் சேர்ந்த நீர்த்துளிகளைச் சின்ன டிஜிட்டல் தராசில் கவரோடு எடைபோட்டு, வெறும் கவர் எடையைக் கழியுங்கள். இலையின் அளவு ஒரே மாதிரி இல்லை என்றால் கணக்கு தவறும், அதனால் கிட்டத்தட்ட ஒத்த இலைகளாகப் பாருங்கள். தண்ணீர் அதிகம் வந்திருக்கிறது என்றால் துளை அதிகம் திறந்திருக்கிறது, சமையலும் நடக்கிறது என்று அர்த்தம். எங்கள் மரங்களில் முதல் கோடையில் மறுதாம்புக் கவர் தொட்டாலே கனத்தது. வெட்டாத வேம்பின் கவரில் ஆவி மட்டும் படிந்திருந்தது. மூன்றாம் கோடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இலை வேரை எட்டிப் பிடித்துவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மாசி முதல் வைகாசி வரை மாதம் ஒரு முறை செய்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

விடியற்காலையிலும் வாட்டம் தெரிந்தால் செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, கீழ்ப் பக்க இலைகளில் மூன்றில் ஒரு பங்கை உருவி ஆட்டுக்குப் போடுங்கள். புங்கந்தழையை ஆடு அவ்வளவாகத் தொடாது, அதை மூடாக்கில் சேருங்கள். குடிக்கும் வாய் குறைந்தால் மிச்ச இலைக்குத் தண்ணீர் தாங்கும். நுனியைத் தொடாதீர்கள், முழுக்கவும் உருவாதீர்கள். இரண்டாவது, தண்ணீர் ஊற்ற வழி இருந்தால் மேலாகத் தெளிக்காதீர்கள். தூரிலிருந்து இரண்டு அடி தள்ளிக் கடப்பாரையால் இரண்டு அடி ஆழத்துக்கு நான்கு துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குடம் மெதுவாக விடுங்கள். கரிசலில் வெடிப்பு விழுந்திருந்தால் முதலில் வெடிப்பை மண் தள்ளி மூடுங்கள், வெடிப்பு வழியாகத்தான் அடி ஈரம் பறக்கும்.

மறுபடி எப்போது வெட்டுவது

இங்கே நான் செய்த தவறைச் சொல்லியே ஆக வேண்டும். 2017 கோடையில் அந்தத் தளிர்கள் நின்ற நிலையைப் பார்த்து, இந்த மரத்துக்கு எதுவும் ஆகாது என்று நம்பிவிட்டேன். 2018 சித்திரையில் வீட்டில் ஒரு விசேஷம், விறகு தேவைப்பட்டது. 11 கட்டையில் 5 கட்டையின் தண்டுகளை முழுக்க வெட்டினேன். ஒன்றரை வருடத் தண்டுகள், அதுவும் கொழுந்து விட்டு முடிந்த நேரம். இரண்டு கட்டை துளிர்க்கவே இல்லை. ஒன்று வெளிறிய துளிர் நாலைந்து விட்டு, அந்த வருட மழையும் குறைந்ததில் மார்கழிக்குள் காய்ந்தது. முதல் வெட்டில் துளிர்த்தது பல வருடச் சேமிப்பை எடுத்து. அதைத் திருப்பி நிரப்ப அந்தத் தண்டுகளுக்கு நான் நேரமே கொடுக்கவில்லை. செத்த கட்டையின் வேரைச் சீவி மருந்து விட்டுப் பார்த்தேன். பழுப்பு மாறவே இல்லை.

இப்போது நான் வைத்திருக்கும் முறை இது. வேம்பு, புங்கு விறகுக்கு ஏழு வருடத்துக்கு ஒரு முறை. கம்பு மட்டும் என்றால் நான்கு வருடம், அதுவும் ஒரு கட்டையில் பாதித் தண்டை எடுத்துவிட்டு மறு பாதியை அடுத்த வருடத்துக்கு விடுவது. சவுண்டலும் கிளரிசிடியாவும் வேறு ரகம், தழைக்காக வருடத்தில் சில முறை வெட்டலாம். அவற்றிலும் மாசி முதல் வைகாசி வரை கத்தி வைப்பதில்லை. மழை பொய்த்த வருடத்துக்கு அடுத்த ஆவணியில் எந்த மரத்தையும் வெட்டுவதில்லை, முறை வந்திருந்தாலும். ஒரு வருடம் தள்ளிப்போடுவேன். வெட்டப் போகும் ஒவ்வொரு கட்டைக்கும் ஆவணி மூன்றாம் வாரம் ஒரு வேர்த்துண்டு எடுத்துச் சீவிப் பார்ப்பேன். கருநீலம் பரவாத கட்டையில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். போன ஆவணியில் மூன்று கட்டைக்குத் துணி கட்டியிருக்கிறேன்.